ரோலரில் ஒட்டிய மஞ்சள்

இன்று காலை பிரஸ் கதவைத் திறந்ததும் குழைத்த மஞ்சளின் வாசனை வந்தது. உன் அம்மா எனக்கு முன்பே வந்து, உன் எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தார். நீ உட்கார்ந்து தாள் மடித்த ஜன்னலோரத்தில் இப்போது மடிப்பு மெஷின் நிற்கிறது. அதை வாங்கச் சொன்னவள் நான். இப்போது மத்தியானம். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

நம் முதலாளியின் வழக்கம் உனக்குத் தெரியும். எந்த வேலையானாலும் முதல் தாளின் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகே மற்றவற்றை மடிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கும் அப்படித்தான், ஜவுளிக்கடை நோட்டீசுக்கும் அப்படித்தான். அந்த வேலை உன்னுடையது. பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, கை கழுவி, மோதிர விரலால் மஞ்சளைத் தொடுவாய். வேறு யாராவது என்றால் பொட்டு வைப்பார்கள். நீ சின்னதாகச் சிலுவை போடுவாய்.

"ஏம்மா, பிள்ளையார் கோயில் நோட்டீசுல சிலுவ போட்டா அவங்க என்ன நெனப்பாங்க?" என்று முதலாளி ஒருமுறை கேட்டார்.

"கூட்டல் குறின்னு நெனச்சுக்கிருவாங்கண்ணே. வசூல் கூடும்," என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தைரியம் வரவில்லை.

அப்போது நான் டைப் அடிக்கவும் பிழை பார்க்கவும் சேர்ந்த புதிது. மிளகாய்க் காட்டு வேலையைத் தவிர வேறு தெரியாத எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஆனால் யாராவது வந்து எதிரே நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். "இவ பி.ஏ. படிச்சவ. பேச வேண்டியதயெல்லாம் பரீட்சையில எழுதிக் குடுத்துட்டா," என்று சொல்லிவிட்டு, எனக்காக நீயே பதில் பேசுவாய். பிறகு தனியாக இருக்கும்போது, "பயமா இருந்தா மொதல்ல கைய அசைடி. எதையாச்சும் எடு, வை. வாயி பின்னாலயே வந்துரும்," என்பாய்.

நீ பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. மடிப்பு மெஷின் வாங்கப்போவதாக முதலாளி சொன்ன நாள் அது. எல்லோர் முன்னாலும், "வாங்குங்கண்ணே, அது டீ கேக்காது," என்று சிரித்தாய். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் உன் முகம் வேறாக இருந்தது.

"அம்மாவுக்கு முட்டி போச்சு. கருவாட்டுக் கூடையத் தூக்க முடியல. இந்தத் தாள் மடிப்பும் இல்லைன்னா எங்க வீட்டுல என்னடி செய்வோம்?"

பஸ் வந்தது, நீ ஏறிப் போய்விட்டாய்.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து உன் அம்மா பிரஸ் வாசலில் வந்து நின்றார். முதலாளி எதுவும் கேட்காமல் ஜன்னலோரத்தைக் காட்டினார். அன்றிலிருந்து உன் இடத்தில் உன் அம்மா மடித்தார். மெஷின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இந்த வருடம் எடுத்தார்கள். திருவிழா வேலைகள் குவிந்தபோது கை மடிப்பு ஈடுகொடுக்கவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் மதுரைக்குப் போக ஆரம்பித்தார்கள். "நீதான் படிச்சவ. எது நல்ல மெஷின்னு பாத்துச் சொல்லு. நீ சொல்றதத்தான் வாங்குவேன்," என்றார் முதலாளி.

அதோடு என் நிம்மதி போனது. ஃபோனில் மெஷின் ஓடும் வீடியோக்களாகப் பார்த்தேன். ஒன்று தாளைக் காற்றால் உறிஞ்சி எடுக்கிறது. ஒன்று ரப்பர் ரோலரால் தேய்த்து இழுக்கிறது. எல்லாமே பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடித்துக் குவிக்கின்றன. தப்பானதைச் சொன்னால் பிரஸ் முழுகும். சரியானதைச் சொன்னால் உன் அம்மாவின் இடம் போகும். "என்னத்தா அப்படிப் பாக்குற, சினிமாவா?" என்று உன் அம்மா கேட்கும்போதெல்லாம் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

முதலாளியும் நானும் மதுரை ஷோரூமுக்குப் போனோம். நம் தாளிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. கடல் காற்றில் நமத்த நம் தாள் மதுரைத் தாளைப் போல மொடமொடப்பாக இருக்காதே. ஒரு கட்டு நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டே போனேன். விற்பனையாளர் எங்களைப் பெரிய மெஷின் முன்னால் நிறுத்தினார். தாளை வைத்துப் பட்டனை அமுக்கினால் போதும், மடிப்பு அளவையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

"ஆளே வேணாம் சார். தொந்தரவே இல்ல."

முதலாளியின் கண் விரிந்தது.

அப்போது முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உன் அம்மா குழைத்துக் கொடுத்த மஞ்சள்! ஈரத்தோடு ஒரு தாளின் மூலையில் தொட்டு, அதைக் கட்டின் மேலேயே வைத்து, பட்டனை அமுக்கிவிட்டார். கையால் மடிக்கும்போது அந்தத் தாளை நீயும் உன் அம்மாவும் தனியே எடுத்துக் காயப் போடுவது அவர் கண்ணில் பட்டதே இல்லை போல.

முதல் தாள் அழகாக மடிந்து வந்தது. அடுத்த தாளில் ஒரு மஞ்சள் கோடு. அதற்கடுத்ததிலும். விற்பனையாளர் பதறி நிறுத்தினார்.

"என்ன சார், மஞ்சளப் போய் உள்ள விட்டுட்டீங்க!"

"ஏன், தொடச்சாப் போயிருமுல்ல?"

"ரோலர் உள்ள இருக்கு சார். பேனலக் கழட்டணும். மெக்கானிக்தான் வரணும்."

"ராமநாதபுரத்துக்கு வருவாரா?"

"வருவாரு. முன்கூட்டியே சொல்லிறணும்."

மூலையில் சின்னதாக இன்னொரு மெஷின் இருந்தது. வீடியோவில் பார்த்ததுதான். மடிப்பு அளவைக் கையால் நகர்த்தி வைக்க வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் இருந்து தாளை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. கை போனது. அதன் மூடியைத் தூக்கினேன். எல்லா ரோலரும் கைக்கு எட்டின. தாள் இழுக்கும் ரோலர், கொக்கியை விலக்கியதும் கழன்றே வந்துவிட்டது.

"மேடம், தொடாதீங்க!"

ரோலர் என் கையில் இருந்தது. பிறகுதான் குரல் வந்தது.

"அண்ணே, இத நாமளே கழட்டித் தொடச்சுக்கிரலாம். அந்தப் பெருசு வேணாம்ணே."

ரோலரை மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னார் முதலாளி. நமத்த தாள்கள் ரெண்டு ரெண்டாக ஒட்டிக்கொண்டு போயின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டை எடுத்து, உன் அம்மா செய்வதுபோல வளைத்து, விசிறி, தட்டி அடுக்கி மறுபடி வைத்தேன். ஒவ்வொன்றாகப் போயின.

"அப்ப இதுக்கு ஒரு ஆளு வேணும்ல. யாரு பாக்குறது?" என்றார் முதலாளி.

உன் அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

அவர் மடிந்து விழுந்த ஒரு தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். "அவங்களுக்கு மிக்சியப் போடவே பயம். சரி, பாக்கட்டும். ஆனா தாளு வீணாச்சுன்னா நான் வேற ஆளத்தான் தேடணும். அப்ப எம்மேல வருத்தப்படக் கூடாது."

அந்தச் சின்ன மெஷினையே வாங்கினோம். இன்றுதான் அதை ஓட்டும் முதல் நாள். முதல் வேலை உங்கள் பாம்பன் தீவுத் தேவாலயத்தின் திருவிழா நோட்டீஸ். முட்டி வலிக்காமலிருக்க உன் அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தேன். அவர் மஞ்சளைத் தொட்டு முதல் தாளில் சிலுவை போட்டு, அதை ஜன்னல் திண்டில் காயப் போட்டார். கட்டை விசிறி அடுக்கினார். பட்டனுக்கு நேரே போன விரல் நின்றுவிட்டது.

"ஏத்தா, கையக் கிய்ய இழுத்துருமா?"

"இழுக்காதும்மா."

"பயமா இருக்குத்தா."

"எனக்குந்தாம்மா. மொதல்ல கைய அசைங்க."

உன் அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது எம்மக பேச்சாச்சே," என்றார். அமுக்கினார்.

தொடக்கத்தில் தாள் சிக்கிக் கசங்கியது. மூடியைத் தூக்கி அவரே உருவி எடுத்தார். அப்புறம் ஓடியது. மத்தியானத்துக்குள் கட்டு முடிந்தது. முதலாளி ஒரு நோட்டீஸை எடுத்து, மடிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கசங்கிய தாள்களையும் ஒருமுறை பார்த்து, நோட்டீஸை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. வந்து என்ன சொல்வாரோ? சாயங்காலம் ஆர்ட் பேப்பர் வேலை வேறு இருக்கிறது. அந்தப் பளபளப்புத் தாள் வழுக்கும்.

வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பேனாவை மூடிவிட்டு, ரோலரைக் கழற்றித் துடைக்கப் போகிறேன்.