சிவப்புத் துணி கட்டிய செடி

அன்பு மகள் ஃபுவாதினோவுக்கு, நம் வீட்டில் எல்லோரும் கர்த்தர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம், நலமாக இருக்கிறோமா என்பதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய். அங்கே வெலிங்டனில் குளிர் விட்டதா, காலுறை போடாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாயா என்றெல்லாம் கேட்கத்தான் நினைத்தேன், ஆனால் இந்த மனிதர் என்னை அதற்குக் கூட விடவில்லை. போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதி, அங்கே வருகிற போதகர் மனைவியிடம் கொடுத்தனுப்புகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொள். உன் மதலாஃபிச் செடியை உன் அப்பா வெட்டிவிட்டார்.

ஆமாம், அதே செடிதான், வீக்கத்துக்குச் சாறு பிழிகிற மூலிகை, சமையல் கொட்டகைக்குப் பின்னால் நின்றது, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ சிவப்பு நாடா கட்டி, அம்மா, வருஷம் முழுக்க மாசா மாசம் இந்த ஒரே செடியில்தான் இலை பறிக்கணும், வேறு செடி கலந்தால் மழைக்கால இலைக்கும் வெயில்கால இலைக்கும் வீரியம் எப்படி மாறுதுன்னு சொல்ல முடியாது என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுப் போனாயே, அது. ஒன்பது மாதம் நானும் தவறாமல் முதல் திங்கட்கிழமை பறித்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றினேன். இன்னும் மூன்றே மாதம். நடுவில் அறுந்தால் மொத்த வருஷமும் வீண் என்று உன் பேராசிரியர் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

நடந்தது இதுதான். குழந்தைகளின் வெள்ளை ஞாயிறுத் திருநாள் வருகிறதல்லவா, பெண்கள் கமிட்டி வீடு வீடாகச் சுத்தம் பார்க்கக் கிளம்பியது. தலைவி யார் என்று கேட்காதே, அடுத்த வீட்டு சினிவாதான், பதினோரு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாத அதே சினிவா. புதர் மண்டிய இடத்திலெல்லாம் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த சுற்றுக்குள் வெட்டாவிட்டால் கூட்டத்தில் பெயரை வாசிப்பார்கள், அந்த மானக்கேடு உனக்குத் தெரியும். உன் அப்பா வெட்டுக்கத்தியோடு இறங்கியவர், வேலியோரக் கொடி, வாழைக்கன்று, உன் செடி என்று சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் சாய்த்துக் குப்பையோடு எரித்துவிட்டு, வேர்வை வழிய வந்து, "ஒண்ணு விடாம முடிச்சிட்டேன், கொக்கோ போடு" என்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்து அலறினால், "சிவப்புன்னா வெட்டணும், அதுதானே கமிட்டி சட்டம்" என்று எனக்கே சட்டம் சொல்கிறார்! ஊர்ச்சபையில் மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷனுக்கு நாடாவுக்கும் கந்தல் துணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதில் இன்னொரு கூத்து. குனிந்து குனிந்து வெட்டியதில் சனிக்கிழமை அவருடைய வலது முழங்கால் பப்பாளிப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. மருத்துவமனை மாத்திரை வயிற்றை எரிக்கிறதாம், "மதலாஃபிச் சாறு கொஞ்சம் பிழிஞ்சு குடேன், லாங்கி" என்று கெஞ்சுகிறார். எதைப் பிழிவது, உங்க மண்டையையா என்று கேட்டேன். அதற்கும் விடாமல், "மாத்திரைக்குச் சமமா வீக்கத்தை அடக்குதுன்னு நம்ம பொண்ணே சொன்னாளே" என்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தில் அடக்குகிறது, முழங்காலில் அடக்குமா என்று இன்னும் பார்க்கவில்லை என்றுதான் நீ சொன்னாய், அதை அவர் காதில் யார் ஏற்றுவது. இரண்டு நாள் முனகலைக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

திங்கட்கிழமை உன் இலை நாளும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சினிவா வீட்டு வாசலில் போய் நின்றேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்காமல் நம் செடியில் கிளை ஒடித்துப் போனதை நான் கோயிலில் எல்லோர் முன்னாலும் திருட்டு என்று சொன்னேனே, அந்தச் சண்டை. அவள் என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே என் தோள் உயரத்துக்கு ஒரு மதலாஃபி. "உன் செடிதான். ஒடிச்ச கிளையை நட்டேன். அன்னைக்கு எம்புள்ளைக்குக் கால் வீங்கிக் காய்ச்சல், கேட்டிருந்தா குடுத்திருப்பியா நீ?" என்றாள். கொடுத்திருக்க மாட்டேன், அந்த நாட்களில் நான் அப்படித்தான் இருந்தேன். அதை அவளிடமே சொன்னேன். "சரி சரி, பறி, வெயில் ஏறுது" என்று கூடையை நீட்டினாள். அப்பாவுக்கு ஒரு பிடி, உனக்கு நான்கு பிடி. உன் இலை தனியாகக் கப்பலேறிவிட்டது, பெட்டி மேல் சினிவா செடி என்று எழுதியிருக்கிறேன். அதே செடியின் கிளை அதே செடிதானா, உன் கணக்கில் அது சேருமா சேராதா என்று உடனே சொல். நம் வீட்டில் அடிக்கட்டை மட்டும் நிற்கிறது, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அப்பாவுக்கு வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, சாறா, ஓய்வா, என் வாய்க்குப் பயந்தா என்று நீதான் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டும்.

இவ்வளவு நேரம் அவரைத் திட்டி எழுதிவிட்டேன், இப்போது ஒன்றைச் சொல்லாமல் மடிக்கக் கை வரவில்லை. செடியை வெட்டின அன்று காலை அவர் என்னிடம் வந்து, கொட்டகைக்குப் பின்னால் இருப்பதையுமா என்று கேட்டார். சினிவா வாயால் நம் பெயரை வாசிக்கக் கேட்கக் கூடாது என்கிற வெறியில், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், சிவப்பு கட்டினது எல்லாத்தையும் வெட்டுங்க, எத்தனை தடவை சொல்றது என்று கத்தினேன். அவர் இதுவரை ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. என்னிடம் கூட.

கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பார், வேளைக்குச் சாப்பிடு, காலுறை போடு. அடுத்த முறை வரும்போது நீல நாடா கொண்டு வா.

கோபம் தீராத, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற
உன் அம்மா
லாங்கிமைனா
சவாயித் தீவு