செல்லாத ஓட்டு

ஆரணி
14.2.2001

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்களுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

நேற்று ஒன்பதாம் வகுப்பில் தேர்தல் பாடத்துக்காக, வகுப்புத் தலைவர் தேர்தல் நடத்தினேன். எண்ணும்போது ஒரு சீட்டில் என் பெயர் இருந்தது. "செல்லாத ஓட்டு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

தேவகி என்ற மாணவி எழுந்து, "உங்க நெஜ ஓட்டு எங்க கீது டீச்சர்?" என்றாள்.

"நாகர்கோவிலில்."

"ரெண்டு வருசமா எங்ககூட இருந்துகினு, ஓட்டு மட்டும் அங்கியா?"

நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

நேந்திரங்காய் வற்றல் அனுப்புங்கள். அம்மாவை இரண்டு வரி தன் கையால் எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தால், என் பெயரை எடுக்கச் சொல்லிவிடாதீர்கள் அப்பா. ஓட்டுப் போடுகிற சாக்கிலாவது வீட்டுக்கு வருவேன்.

உங்கள் மகள்
லீலா