கலாவுக்குக் கொடுத்த டின்

7 பிப்ரவரி 1997, வெள்ளி

மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த எனர்ஜி டிரிங்கை, பந்தயத்துக்கு முன் கலாவுக்கு நான்தான் கொடுத்தேன். காலையில் சாப்பிடவில்லை, கால் வலுவாகவே இல்லை என்றாள். முழு டின்னையும் குடித்தாள். எண்ணூறு மீட்டரில் முதல் சுற்று முன்னால் ஓடியவள், இரண்டாவதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்னம்மா குடிச்சே?" என்றார். கலா என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல சார்." நானும் வாயைத் திறக்கவில்லை. இதயத்திலேயே கோளாறு இருக்கலாம், இனி ஓட வேண்டாம் என்றார். டின்னைப் பற்றித் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா?

வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அவள் அம்மா, "நீ கூட இல்லாங்காட்டி இன்னா ஆயிருக்கும் கண்ணு" என்று என் கையைப் பிடித்து அழுதார்.

நாளைக் காலையில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கலாவின் அம்மாவும் அங்கேதான் இருப்பார்.