ராமசாமி அண்ணனின் இலை வீடியோ

ஐப்பசி 9, செவ்வாய். அரவேணு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரிக்காரர்கள் இலையைத் திருப்பி அனுப்பச் சாக்குத் தேடுகிறார்கள். நேற்று ராமசாமி அண்ணனின் மூட்டைகளை, இலை மூட்டைக்குள் சூடேறிச் சிவந்துவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். அவர் நேரே என் ஸ்டுடியோவுக்கு வந்தார். "இலை பச்சையாத்தான் இருக்குதுங்க தம்பி. வந்து வீடியோ புடிங்க, விவசாயிங்க கூட்டத்துல போட்டுக் காட்டோணும்."

உடனே போய் எடுத்தேன். கல்யாண வீடுகளில் எடுக்கிற பழக்கத்தில், கேமராவே நிறத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று 'ஆட்டோ' அமைப்பிலேயே விட்டது என் புத்தி. கொட்டகையின் குண்டு பல்பில் சிவப்பாகத் தெரியும் இலை, வாசலுக்கு வந்ததும் பச்சையாக மாறுகிறது. அப்படியே போட்டால் சிரிப்பார்கள்.

இன்று பகல் முழுக்கச் சரிசெய்தேன். வேட்டி வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களும் நிஜம்; அண்ணனின் வேட்டி எல்லாக் காட்சியிலும் அப்படித் தெரியும்வரை நிறத்தை மாற்றினேன். வேட்டி வெளுத்தது. மூட்டையின் மேலாக இருந்த இலையும் பச்சையானது. மூட்டையின் அடிவரை கைவிட்டு அவரே அள்ளிக் காட்டிய பிடி மட்டும் சிவப்பாகவே நிற்கிறது.

சாயங்காலம் போனில் கேட்டார்: "பளிச்சுனு வந்துருக்குங்களா?"

"வந்துருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். காலையில் வருவார்.

அந்தப் பிடியையும் பச்சையாக்கிப் பார்த்தேன். வேட்டியும் பச்சையாகிவிடுகிறது.