நான் நீக்கிய பாட்டு

ஹோ நகரம்

அன்புள்ள அம்மாவுக்கு சுமானியின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

வியாழனன்று எங்கள் மாவட்ட அலுவலகத்தின் புதிய கட்டடத்தைத் திறந்தோம். விழா ஏற்பாடு என் பொறுப்பு. அரசு விழாவுக்குத் தேசிய கீதம் போதும் என்று தேவாலயக் குழுவின் பாட்டை நீக்கிவிட்டேன். அங்கி அணிந்து வந்து காத்திருந்த பெண்களிடம் கடைசி நேரத்தில்தான், மதப் பாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னேன். அவர்களின் தலைவி ஸிஃபா அக்கா கோபப்படவில்லை.

"சட்டம்னா சரி தம்பி. உங்க ஊரு தமாலேயிலயும் இப்படித்தானா?"

"ஆமாக்கா, எல்லா ஊருக்கும் ஒரே சட்டம்தான்."

பொய் அம்மா. அங்கே அரசு ஆஸ்பத்திரி திறந்தபோது தம்பி யாகுபு நபிகள் புகழ் பாடினான். அவனை மேடையேற்றியதே நான்தான். அக்கா என்னை நம்பி, அந்தப் பெண்களை வெயிலில் திரும்ப அழைத்துப் போனார். அவர் மீன் விற்கும் தெருப்பக்கம் இப்போது நான் போவதில்லை.

உடம்பில் பூசக் கொஞ்சம் ஷியா கொட்டை வெண்ணெய் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் நம் வீட்டு வாசனை இல்லை. யாகுபுவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

கடிதம் கொண்டுவரும் பஸ் கிளம்புகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆஸ்பத்திரி விழாவுக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். யாகுபு பாடி முடிக்கும்வரை அங்கே வேலை பார்த்த கிறிஸ்தவ நர்ஸுகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நான் அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் மகன்
சுமானி