செம்புக் கம்பிப் பிரமிடும் அம்மாவின் மாத்திரையும்

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், இதற்கு மேல் படிக்காமல் மூடிவிடுங்கள். படித்துவிட்டால் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் மட்டுமாவது காட்டாதீர்கள்.

ஜூலை 8, செவ்வாய்

மலைப் பக்கமிருந்து சாரல். யூனிஃபார்ம் காயவில்லை. ஈரத்தோடே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்.

வியாழக்கிழமை பள்ளியில் பட்டிமன்றம். பிரமிடு கட்டியது கல்லறைக்கா, சக்திக்கா? சீட்டுக் குலுக்கியதில் எனக்குச் 'சக்தி'. வேறு எந்தத் தலைப்பானாலும் எந்தப் பக்கமும் பேசியிருப்பேன்.

வீட்டில் சொன்னது தப்பு. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். உடனே மாஸ்டருக்குப் போன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில் பிரமிடு தியானம் நடத்துகிறாரே, அவர்தான். அப்பா மிலிட்டரியிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்ட ஆள். எங்கள் முன்னறையில் நிற்கும் செம்புக் கம்பிப் பிரமிடு அவர் கொடுத்தது. அம்மா காலையும் மாலையும் அதற்குள் உட்கார வேண்டும். வலிப்பு போய்விடுமாம். மாத்திரை அந்தச் சக்தியைத் தடுக்குமாம், அதனால் அப்பா போன மாதமே நிறுத்திவிட்டார்.

இதற்கெல்லாம் ஆதாரம் பால்கோவா! கம்பிக்குள் வைத்தது பல நாள் கெடவில்லையாம். சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை போட்டது எங்கே வைத்தாலும் கெடாது. வெளியே ஒன்று வைத்துப் பார்த்தார்களா? நான் பாலை வைத்துப் பார்த்தேன், கம்பிக்குள் ஒரு டம்ளர், வெளியே ஒரு டம்ளர். இரண்டும் சேர்ந்தே திரிந்தன. சொல்ல வாய் வரவில்லை. அப்பா அடிக்க மாட்டார். பேசுவதை நிறுத்திவிடுவார், என்னிடமும் அம்மாவிடமும். அதற்குத்தான் பயம்.

ஜூலை 9, புதன்

கணக்கு டெஸ்ட். சுமார்.

ஸ்கூல் விட்டதும் ராஜபாளையம் ஜி.எச். மருந்து கொடுக்கும் அக்கா நிறையத் திட்டினார். வலிப்பு மாத்திரையை நினைத்தபடி நிறுத்தக் கூடாதாம், முன்னைவிட மோசமாக வருமாம். டாக்டரிடம் கேட்டு ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். அம்மாவைக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னார்.

அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறி வேலையிலிருந்து வந்திருந்தாள், தலையெல்லாம் பஞ்சு. மாத்திரையை நீட்டினேன். வாங்காமல் என் கையை மடக்கி மூடிவிட்டாள்.

"வேண்டாம்ட்டி. அவியளுக்குத் தெரிஞ்சா இந்த வீட்டுல யாரு இருக்க முடியும்?"

மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டேன். அம்மா மேல்தான் இன்று அதிகக் கோபம்.

ஜூலை 10, வியாழன்

முன்வரிசையில் அப்பா. பக்கத்தில் மாஸ்டர், வெள்ளை வேட்டி, சந்தன வாசனை.

மாஸ்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டுதான் போனேன். இரண்டு வரி வாசித்தேன். மடித்து வைத்துவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரமிடு கட்டியவர்கள் தங்கிய வீடு, ரொட்டி சுட்ட அடுப்பு எல்லாம் பக்கத்திலேயே தோண்டி எடுத்திருக்கிறார்கள். சில பிரமிடுகளின் உள்சுவரில், செத்த ராஜா மேலே போக மந்திரம் வெட்டியிருக்கிறது. எல்லாம் சாவுக்கு. வேறு எதற்கும் இல்லை. டீச்சர் மணி அடித்தார். நிறுத்தவில்லை.

"செத்தவங்களுக்குக் கட்டுனதுக்குள்ள எங்கம்மாவ உக்கார வச்சிருக்காக. எங்கம்மா இன்னும் சாகல."

ஒருத்தரும் கை தட்டவில்லை. அணி மாறிப் பேசியதால் எனக்கு மார்க் கிடையாது என்றார்கள்.

பஸ்ஸில் அப்பா முன்னால், நான் பின்னால். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி.

"பெரிய பிரமிடுல கல்லுப் பெட்டி காலியாத்தான கெடந்துச்சு? பொணம் எங்க?"

"கள்ளன் தூக்கிட்டுப் போயிருப்பான்ப்பா."

"மாஸ்டர் முன்னால என் மானத்த வாங்கிட்ட."

அவ்வளவுதான். அதிலிருந்து பேச்சு இல்லை. அம்மாவை மதியமும் கம்பிக்குள் உட்காரச் சொல்லிவிட்டார். என்னால்தான்.

ஜூலை 12, சனி

வந்துவிட்டது. கம்பிக்குள்ளேயே. கால் உதைத்து எல்லாம் சரிந்து அம்மா மேல் விழுந்தது. நாக்கைக் கடித்து ரத்தம். நான் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நிற்கவே இல்லை, வெகு நேரம்.

அப்பா என்ன செய்தார்? கம்பியை நிமிர்த்தினார். அப்புறம் போன். ஸ்பீக்கரில் மாஸ்டர் சொன்னது எனக்கும் கேட்டது.

"பயப்படாதீங்க சார். உள்ள இருக்க கழிவெல்லாம் வெளிய வருது. நல்ல அறிகுறிதான்."

நல்ல அறிகுறி! அந்த நாக்கை அந்த ஆள் வந்து பார்க்கட்டும். கையில் எதுவும் இருந்திருந்தால் எறிந்திருப்பேன். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஆனால் போனை வைத்ததும் அம்மா வாயைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். அதையும் பார்த்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. ரசம், அப்பளம். அம்மாவால் மெல்ல முடியவில்லை. கம்பி மறுபடி அதே இடத்தில் நிற்கிறது.

முடிவு பண்ணிவிட்டேன். நாளைக்கு ஸ்கூலுக்குப் போகப் போவதில்லை. வத்திராயிருப்பு பஸ். மாமா அங்கே ஸ்டேஷனில்தான் இருக்கிறார், போலீஸ். தங்கச்சிக்கு இப்படி என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டார். அப்பாவுக்கும் மாமாவுக்கும் கைகலப்பு ஆகலாம். ஆகட்டும். அப்பா வாழ்நாள் முழுக்க என்னிடம் பேசாமல்கூட இருக்கட்டும், அம்மா இருந்தால்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் பலமாகத் தட்டுவார். இது விரல் நுனியால்.

"ஏட்டி, முழிச்சிருக்கியா? அந்த மாத்திரைய எங்க வச்ச?"