எலுமிச்சம்பழத்தில் ஏறாத சக்கரம்

1958 ஆகஸ்ட் 12, செவ்வாய். காஜா பேராங்.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டேன். விற்ற மலாய்க்காரர் கிளப்பவும் நிறுத்தவும் சொல்லிக் கொடுத்தார். பூசைக்கு முன் ஏறக் கூடாதே என்று கோயில் வரை தள்ளிக்கொண்டே போனேன்.

பூசாரி சூடம் காட்டி, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"வீட்டுல யாரும் வரலையா தம்பி?"

"இந்த ஊர்ல யாரும் இல்லைங்க."

கிளப்பினேன். வண்டி ஒருபக்கமாகத் துள்ளி ஓடியது.

"தம்பி, பழத்து மேல ஏறல! திரும்பி வாங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்.

எனக்குத் திருப்பத் தெரியவில்லை. பக்கத்து ஊரான புக்கிட் பாரு வரை போய், இறங்கித் தள்ளித் திருப்பினேன். வருவதற்குள் நடை சாத்திவிட்டார்கள். பழம் முழுசாகக் கிடந்தது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, திரும்பி வாங்க என்று என்னை ஒருவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.